மாடி அறைக்குப் பிரிக்காத கட்டு

மே 6, செவ்வாய்

அக்கா மதியம் மாடி அறையில் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்தே அனல். என் மனைவி கலா துணி எடுக்க மேலே போனதால் தெரிந்தது. இங்கே சேக்காட்டிலேயே ஒரு கிளினிக்கில் சேர்த்தோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ். வெயில்தான், இன்னும் அரை மணி விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். தகர ஷீட் ரூமா? ஆமாம். உங்களுக்கு என்ன தொழில்? கூரை, சீலிங், டைல்ஸ், கதவு என்று கட்டடச் சாமான் கடை, குமணன்சாவடியில். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அக்கா இப்போது கீழே, எங்கள் ரூமில்.

மே 7, புதன்

கரன்ட் இரண்டு முறை போனது. தண்ணீர் கேன் சொல்ல மறந்தேன்.

செல்வத்தை மாடிக்குக் கூட்டிப் போனேன். பத்து வருஷமாக நம் கடைக்கு சீலிங் அடிக்கிறவன். மணி இரண்டு. மேலே 43 டிகிரி, கீழே ஹாலில் 36. ஷீட்டுக்கு அடியில் சூடு தடுக்க நான் ஒட்டிய வெள்ளி ஃபாயிலைத் தொட்டவன் கையை உதறினான்.

"அண்ணாத்தே, தகரத்தோட ஒட்டிகினு கீது. நடுவுல காத்துக்கு எடம் உடாம ஒட்னா இன்னாத்துக்கு ஆவும்? கஸ்டமருக்கு நீயே சொல்லுவியே."

சொல்வேன். தினமும் சொல்கிறேன், இரண்டு அங்குலம் விடுங்கள் என்று. இங்கே இடைவெளி விட ஃபிரேம் அடிக்கணும், அந்தச் செலவு பார்த்தேன். ஃபாயில் ரோலும் ஓரம் கிழிந்து விற்காமல் நின்றது.

மே 9, வெள்ளி

கடைக்குப் பின்னால் வெயிலில் ஒரு தகரம், அடியில் கடையின் சூடு தடுக்கும் சரக்கை ஒவ்வொன்றாக வைத்துத் தொட்டுப் பார்த்தேன். பத்து டிகிரி குறையும் என்று இத்தனை வருஷம் விற்றவன், கை வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தெர்மாகோல்: மலிவு. அக்கா மேலே ஸ்டவ் வைக்கிறாள், பற்றினால் புகை. வேண்டாம்.
கிளாஸ்வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு): சூடு தாங்குகிறது. தூள் உதிர்ந்தால் அரிப்பு. அவளுக்கு ஏற்கெனவே இருமல்.
பஃப் ஷீட் (நடுவில் நுரை வைத்த கூரை ஷீட்): நல்ல சரக்கு. கூரையையே கழற்றணும்.
ராக்வுல் (கல் இழைப் பஞ்சு): தீப்பிடிக்காது. கைக்குச் சூடு வரவில்லை. இதுதான்.

குடோனில் ராக்வுல் இரண்டு முழுக்கட்டு, ஒரு அரைக்கட்டு. அரைக்கட்டு போன மழையில் ஓரம் நனைந்தது. அதை முதலில் மேலே காலி பண்ணலாம் என்று நினைத்தேன். எழுதும்போதுதான் உறைக்கிறது, மறுபடியும் அதே வேலை.

மே 11, ஞாயிறு

லேசான மேகம். மழை இல்லை.

அக்கா கஞ்சி குடித்தாள். ராக்வுல் விஷயம் சொன்னேன். எந்தக் கட்டு என்று கேட்டாள். அம்பத்தூரில் சித்தாள் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள். கடைக்கு முதல் அட்வான்ஸ் அவள் கூலி.

"ஒங் கடையில போவாத சரக்கு பூரா மேலதான் கீது, தம்பி. நானும் மேலதான் கீறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மேலே ஏறி நின்றேன். மூன்று கலரில் தரை டைல்ஸ். மூலை உடைந்த பாத்ரூம் கதவு. ஆட்டம் போடும் ஃபேன். எல்லாம் கடையில் விற்காமல் கிடந்ததில் என் கையால் எடுத்துக் கொடுத்தது.

சாயங்காலம் பேசி முடித்தோம். ஐம்பது எம்.எம். ராக்வுல், அதற்கும் ஷீட்டுக்கும் நடுவில் இரண்டு அங்குலம் காற்று, கீழே சீலிங், தகரத்தின் மேல் வெள்ளைப் பெயின்ட். முடியும்வரை அவள் எங்கள் ரூமில், நாங்கள் ஹாலில். அக்கா ஒரே கண்டிஷன் போட்டாள்: முழுக்கட்டு பிரிக்காமல் மாடி ஏறணும். அவள் கண்ணெதிரில்தான் பிரிக்கணும். சரி என்றேன்.