மச்சாள் கொண்டுவந்த செவ்விளநீர்

ஜூன் 9
கீமோ ஏற்றி இவரைக் கல்லடி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய்; கழுத்தில் கோழிமுட்டை அளவில் கட்டி. சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டி மாதக்கணக்காகிறது. "தண்ணி நல்லாக் குடிக்க வேணும்" என்றார் டொக்டர். யார் கேட்கிறார்? தோணி எஞ்சின் திருத்தும் இந்த மனிதருக்குப் பிளேன்டீ தவிர வேறெதுவும் இறங்காது.

ஜூன் 10
இவருடைய அக்கா சீதேவிப்பிள்ளை மச்சாள், வந்தாறுமூலையிலிருந்து ஒரு குலை செவ்விளநீரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "மருந்துச் சூடு உடம்ப வாட்டும்கா. இதுதான் தணிக்கும்." தண்ணீருக்குப் பதில் அதையே இவர் மடக்மடக்கென்று குடித்தார். எனக்குப் பெரிய நிம்மதி.

ஜூன் 11
கட்டி கரைகிறது! கண்ணாடி முன் நின்று மேல் பொத்தானைப் பூட்டிக் காட்டினார். "மாப்பிள்ள மாதிரி இருக்கனா?" "கிழட்டு மாப்பிள்ளை" என்றேன். மச்சாள் ஆனந்தத்தில் அழுதுகொண்டே இன்னொரு இளநீர் வெட்டினார்.

ஜூன் 12
வாந்தி. கால் மரத்துப்போகிறதாம். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. கல்லடிப் பாலம் தாண்டும்வரை என் கையை விடவே இல்லை.

ஜூன் 13
டயலிசிஸ் செய்கிறார்கள். டொக்டர் சொன்னார்: "மருந்து பட்டு கட்டி ஒரேயடியா உடைஞ்சிட்டுது. அதுக்குள்ள இருந்த பொட்டாசியம் எல்லாம் இரத்தத்தில கலந்திட்டு. சிறுநீரகம் தாங்கல்ல. இந்த மாதிரிக் கட்டியில இது அபூர்வம்." பிறகு, "இளநீர் குடுத்தீங்களா?"
"ஓம்."
"அதிலயும் பொட்டாசியம் கூட. அதாலதான் எண்டு சொல்ல ஏலாது. ஆனா நல்லதில்ல."
வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார் மச்சாள். "என்னகா சொன்னார்?"
"மருந்து கூடுதலா வேலை செய்திட்டாம்."
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.
கட்டி கரையவேண்டும் என்று எத்தனை கோயிலில் கேட்டேன்! ஐயோ, நான் என்னத்தக் கேட்டுட்டன்...

ஜூன் 14
இதயம் நின்றுவிட்டது. போயிட்டார்.

ஜூலை 2
"கடைசி நேரத்தில என்ட இளநீர் ஒண்டுதான் அவனுக்கு இறங்கினது" என்று வருகிறவர்களிடமெல்லாம் மச்சாள் சொல்கிறார். அந்த ஒரு ஆறுதல்தான் அவருக்கு. இன்று எனக்குப் பொறுக்கவில்லை. டொக்டர் சொன்னது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குசினிக்குப் போய்ச் சும்மா சட்டி கழுவினேன்.

ஜூலை 14
இவருடைய முப்பத்தோராம் நாள். படையலில் மச்சாள் முதலில் வைத்தது செவ்விளநீர். "அவன் ஆசையாக் குடிச்சது இதானே மச்சாள்?" என்று என்னைக் கேட்டார்.
"ஓம் மச்சாள்."
படையல் எடுத்ததும் அதை ஒரு கிளாஸில் ஊற்றி, நீயும் வாடிப்போனாய் என்று என்னிடம் நீட்டினார். வாங்கி முழுவதையும் குடித்தேன்.