நெட்டைக்கு நூறு

ஜூன் 13, 1999, ஞாயிறு

காலையிலிருந்து மேல்காற்று, சாரல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை.

புது நோட்டு. பழையதில் என் சுருக்கங்கள் எனக்கே விளங்காமல் போயின. எனவே முதல் பக்கத்திலேயே:

ர. — ரகு. என் மகன். 36.
பா. — பாலு. பம்ப் கம்பெனி டிராயிங் செக்‌ஷனில் ரகுவின் பக்கத்து மேஜை.
ம. — மல்லிகா. பாலுவின் மனைவி. அதே செக்‌ஷன். மூவரில் குறி தப்பாதவள் இவள்தான்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் துப்பாக்கிகள்:
கை — பிறக்கும்போதே கையில் இருப்பது. அநேகமாக எதற்கும் ஆகாது.
இரட்டை — இரட்டைக்குழல். சந்துக்குள் ராஜா. வெளியே வந்தால் சத்தம் மட்டும்.
தையல் — பாலு வைத்த பெயர். மெஷின் ஓடுகிற மாதிரி சத்தம். படிக்கட்டில் நல்லது. குண்டு சீக்கிரம் தீரும்.
வாணம் — ராக்கெட். ஆள் மேல் பட வேண்டியதில்லை, பக்கத்தில் வெடித்தால் போதும். சுவரோரம் நின்று சுட்டால் சுட்டவரும் சேர்ந்து காலி.
நெட்டை — தூரத்துக்கு. ஒரு குண்டு, ஓர் ஆள். ஆளின் உயிர் நூறு, இதன் பலமும் நூறு. எதிராளி கிட்டே வந்துவிட்டால் கம்புக்குச் சமம்.

பத்து மணிக்கு வேன் வந்தது. பாலு இரண்டு கம்ப்யூட்டர்களையும் இறக்கினான். சாப்பாட்டு மேஜையில் ரகுவுடையதோடு சேர்த்து மூன்றையும் ஒயரால் பிணைத்தார்கள். சண்டை நடக்கிற இடம் இவர்கள் கம்பெனியேதான். போன வருஷம், கை நன்றாக இருந்தபோது, ரகு உட்கார்ந்து வரைந்தது. வார்ப்பு நடக்கிற ஃபவுண்டரி, அச்சு செய்கிற பேட்டர்ன் ஷாப், கேன்டீன், நடுவில் உயரமான தண்ணீர்த் தொட்டி. மேனேஜர் அறைக்குக் கதவு வைக்கவில்லை. "அவரைப் பாக்கோணும்னா செவுத்த ஒடச்சுப்போட்டுத்தான் போகோணும்" என்று அப்போது சொன்னான்.

இப்போது அவனால் ஓட, திரும்ப முடியாது. மே மாதம் மற்ற இருவரையும் கேட்டு, ஆட்டத்தில் விழுந்தவன் மறுபடி முளைக்கிற தன் பிறப்பிடத்தைத் தொட்டி மேலேயே மாற்றிக்கொண்டான். கையில் நெட்டை. மணிக்கட்டைச் சிறிது அசைக்கிறான், ஒரு விரலால் அழுத்துகிறான். அவ்வளவுதான் பாக்கி இருக்கிறது.

என் வேலை அட்டவணை. யார் யாரை எந்தத் துப்பாக்கியால் சுட்டது. திரையின் மூலையில் ஒரு வரி வந்து மறையும். மறைவதற்குள் எழுத வேண்டும். கான்வென்டில் த்ரோபால் ஸ்கோர் எழுதியவள் நான். சிஸ்டர் ரப்பர் தரவே மாட்டார். இன்றுவரை இந்த அட்டவணையில் ஓர் எண்ணையும் அழித்ததில்லை.

இன்று: ர. 14, ம. 9, பா. 6. ரகுவின் பதினான்கும் நெட்டை.

அவர்கள் போன பிறகு வாசித்துக் காட்டினேன். ரகுவின் விதி ஒன்று உண்டு: எந்தத் துப்பாக்கியும் எல்லா இடத்துக்கும் ஆகக் கூடாது, எதுவும் எங்கேயும் ஆகாமல் போகவும் கூடாது. அதற்குத்தான் வாராவாரம் அட்டவணை பார்த்து பலத்தைக் கூட்டிக் குறைப்பது.

"நெட்டை ரொம்ப ஏறிப்போச்சுங்மா. எம்பதுக்குக் கொறைச்சுப்போடுங்க."

நான்தான் தட்டினேன். 100 அழித்து 80.

ஜூன் 14, திங்கள்

நரம்பு டாக்டர். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வலது கை இன்னும் தளர்ந்திருக்கிறது. இனி விழுங்குவது, அப்புறம் மூச்சு. "எப்போது" என்று இங்கிலீஷில் கேட்டேன். டாக்டர் தமிழில், "பாக்கலாங்க" என்றார்.

திரும்பும்போது ரகு ஆட்டோக்காரருடன் மோட்டார் காயில் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். சில சொற்கள் குழைந்தன. ஆட்டோக்காரர் இவன் குடித்திருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. இறங்கும்போது அவரை முறைத்தேன்.

அட்டவணையில் "சாவு" என்று தலைப்பிட்டிருந்த பத்தியை இனி "விழுந்தது" என்று எழுதுவேன்.

வாங்க: ரவை, நீலம், உறிஞ்சுகுழல் ஒரு கட்டு.

ஜூன் 16, புதன்

பக்கத்து வீட்டுக்காரி கம்பி வேலிக்கு அந்தப்புறம் நின்று பால்காரரிடம்: "ஞாயித்துக்கெழமையானா அந்தூட்டுல ஒரே வெடிச் சத்தமுங்க. சீக்காளிய வெச்சுக்கிட்டு, அந்தம்மாவும் பேனாவும் கையுமா ஒக்காந்திருக்கறாங்க."

பேனா அல்ல. பென்சில்.

ஜூன் 17, வியாழன்

மழை இல்லை. ரகு தூங்குகிறான். பழைய நோட்டிலிருந்து ஒரு கணக்கு எடுத்தேன். ஏதோ உறுத்தல்.

தொட்டி மேல் உட்கார்ந்தவனை வீழ்த்தச் சரியான ஆயுதம் வாணம். தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் அடித்தால் போதும், வெடிப்பில் ஆள் காலி. இது எனக்கே தெரியும். மல்லிகாவுக்குத் தெரியாதா?

மே முதல் இரண்டு ஞாயிறு: தொட்டிக்கு வாணம் 13 முறை.
மே மூன்றாம் ஞாயிறு: 4.
அதன் பிறகு: இல்லை. ஒன்றுகூட இல்லை.

வாணம் எடுக்காமல் இல்லை. மல்லிகா ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறாள். கணவனைத்தான் அதைக் கொண்டு வீழ்த்துகிறாள்.

இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20, ஞாயிறு

காற்று பலம். முருங்கைக் கிளை ஒடிந்து வேன் மேல். பாலு: "ஏனுங்கம்மா, உங்க ஊட்டு மரமும் என்னையத்தான் அடிக்குதுங்க!"

இன்று ரகுவின் பின்னால் நிற்காமல் மல்லிகாவின் பின்னால் நின்றேன். ஃபவுண்டரி வாசலில் வாணத்தை எடுத்தாள். வெளியே வந்தாள். எதிரே தொட்டி, மேலே ரகு, மறைவு எதுவும் இல்லை. மவுஸை நகர்த்த, குறி மேலே போனது. கம்பியில் சரியாக நின்றது. பிறகு அவள் அப்படியே திரும்பித் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பலம் எண்பதானதால் ரகுவுக்கு இப்போது இரண்டு குண்டு வேண்டும். இரண்டாவதற்கு அவன் விரல் எழ எவ்வளவு நேரம் ஆகிறதென்று எண்ணினேன். ஏழு. ஏழு விநாடியும் அங்கேயே நின்றாள்.

"ஐயோ, அடிச்சுப்போட்டீங்களேண்ணா!" என்று கத்தினாள். நன்றாகவே நடிக்கிறாள்.

காபி கலக்க உள்ளே வந்தவளைக் கேட்டேன்.

"அம்மிணி, தொட்டியை ஏன் அடிப்பதில்லை?"

டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மனசு வரலீங்கம்மா."

"பாலுவுக்கும் வரவில்லையா?"

"அவருதானுங்க மொதல்ல சொன்னாரு. அண்ணன் சிரிக்கறது இந்த ரெண்டு மணி நேரந்தான், உட்டுக்குடுத்தா என்ன கொறஞ்சுபோச்சுன்னு."

"அவன் உங்களிடம் பிச்சை கேட்டானா?"

சொல்லியிருக்கக் கூடாது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. காபி ட்ரேயை நானே எடுத்துப் போனேன்.

இன்று: ர. 12, ம. 8, பா. 7. எழுதிய கை என்னுடையது. எண்கள் பொய்.

ஜூன் 21, திங்கள்

கஞ்சி இரண்டு தரம் புரையேறியது. பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன்.

"வாசிங்மா." வாசித்தேன். "இன்னும் ஏத்தமாத்தான் இருக்குது. அம்பது போடுங்க."

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் இரக்கப்பட்டு விழுகிறார்கள். அதை நான் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அதைப் பார்த்து இவன் தன் கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தின் பல்லைப் பிடுங்குகிறான். எல்லாம் என் அட்டவணையின் மேல் நடக்கிறது.

"இந்த எண்கள் சரியில்லை, கண்ணு."

"தெரியுமுங்மா."

வெளியே கோலப்பொடிக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"எப்போதிருந்து தெரியும்?"

"மே கடைசியிலிருந்து. மல்லிகா வாணத்தை வெச்சுக்கிட்டு முதுகக் காட்டி நின்னா. கம்பெனில ஒரு மில்லிமீட்டர் உட்டுக்குடுக்காத பொம்பளைங்க அது."

"பின்னே ஏன் குறைக்கச் சொல்கிறாய்?"

"இப்பிடியே கொறைச்சு முப்பதுக்கு வந்துட்டா, நெட்டை ஒண்ணுக்கும் ஆகாது. அப்ப, கணக்கே சொல்லுது, நான் சும்மா ஒக்காந்து பாக்கறேன், நீங்க ஆடுங்கன்னு சொல்லிப்போடலாம். அவங்களுக்கும் சங்கடமில்லை பாருங்."

எல்லோருக்கும் எவ்வளவு மரியாதை. ஒருவர் மனம் நோகாமல் ஒருவர் அவனைப் புதைத்துக்கொண்டிருக்கிறோம்.

"எதுவும் எங்கேயும் ஆகாமல் போகக் கூடாது என்று சொன்னவன் நீதானே?"

"அது துப்பாக்கிக்குத்தானுங்மா சொன்னேன்."

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ரகுவின் அப்பா இறந்தபோதுகூட யார் முன்னாலும் அழாதவள் நான். இன்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். சிறுவாணித் தண்ணீர் இரண்டு வாளி வீண்.

வெளியே வந்து 80 அழித்து 100 என்று தட்டினேன். அவனைக் கேட்கவில்லை. அவனும் தடுக்கவில்லை.

ஜூன் 23, புதன்

கம்பெனிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பை மல்லிகாவிடம் சொன்னேன். பாதியிலேயே, "அதெல்லாம் எதுக்குங்கம்மா" என்றாள். பிறகு பாலு.

"ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு வாணம் வர வேண்டும், பாலு. இல்லையானால் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம்."

"ஏனுங்கம்மா, அவனால ஒண்ணு கூட அடிக்க முடியாதுங்க."

"அதை நான் எழுதிக்கொள்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் தோன்றியது. வராமலே போய்விட்டால்? அவனுக்கு வேறு யார் வருகிறார்கள்? அந்தியூரிலிருந்து என் நாத்தனார் மாதம் ஒரு தரம் போனில் வேண்டுதல் சொல்வாள். அவ்வளவுதான்.

ஜூன் 27, ஞாயிறு

பத்து மணி. வேன் இல்லை. பத்தேகால், இல்லை. ரகு வாசலைப் பார்க்காமல் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்கு வந்தார்கள். பங்சராம். நம்பினேன்.

ஒயர்களைப் பிணைத்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு மல்லிகா ஃபவுண்டரி வாசலிலிருந்து வெளியே வந்தாள், திரும்பவில்லை. வாணம் நேராகக் கம்பிக்கு. ரகுவின் திரை சிவந்தது.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஒரு மாசமா நான் சாகவே இல்லைங்மா. மறந்தே போச்சு!"

பாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுட்டான். நடுவில் ஒரு தரம் எழுந்து வேனுக்குப் போய் எதையோ தேடிவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்தான்.

"ஏப்பா பாலு, அழுதுக்கிட்டே சுட்டா குறி தவறுமப்பா," என்றான் ரகு.

"தூசுடா. உங்க மரத்துத் தூசு."

கடைசியில், பாலு கேன்டீனைத் தாண்டி ஓடும்போது, ரகு அடித்தான். நூறு. ஒரே குண்டு. பாலு நாற்காலியிலிருந்து துள்ளி, "அட கெரகமே, உண்மையாவே அடிச்சுப்போட்டான் பாருங்கம்மா!" என்றான். நடிப்பில் அந்தக் குரல் வராது.

ர. 1. விழுந்தது 19.

"சாவுன்னே எழுதுங்மா," என்றான் ரகு. பழைய தலைப்பையே போட்டேன்.

ஜூலை 1, வியாழன்

வலது ஆள்காட்டி விரல் எழவில்லை. காலையில் குளிரென்று நினைத்தோம். வெந்நீரில் வைத்தேன். மாலை வரை எழவில்லை.

உறிஞ்சுகுழல் தீர்ந்தது. பெரிய அளவு கேட்க வேண்டும்.

ஜூலை 2, வெள்ளி

மணிக்கட்டு இன்னும் அசைகிறது. "குறி நான் வைக்கறேன், அழுத்தறது நீங்க" என்றான். நான் "இப்ப" என்ற சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். சொல் அவன் வாயிலிருந்து வருவதற்கு ஒரு விநாடி. என் விரலுக்கு அரை விநாடி. ஒன்றரை விநாடியில் ஓடுகிற ஆள் எங்கே இருப்பான் என்று நிலக்கடலையை மேஜையில் நகர்த்திக் காட்டினான். ஒரு மணி நேரம் பழகினோம். சுவர், சுவர், சுவர்.

ஜூலை 4, ஞாயிறு

மப்பு. சாரல் விட்டு விட்டு.

இரு நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, அவன் கைப்பக்கம் என் கை. அட்டவணையை மடியில் இடதுபக்கம் வைத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம்: ர. 0. சாவு 11. பாலு: "அம்மா, உங்க விரலுக்குத்தான் வயசாச்சுங்க." சரிதான்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன். மல்லிகா பேட்டர்ன் ஷாப்பிலிருந்து வந்தாள், கையில் இரட்டை. அத்தனை தூரத்துக்கு அது ஆகாதென்று அவளுக்குத் தெரியும். முற்றத்தின் நடுவில் நின்றாள். நகரவில்லை. குறியின் சிலுவை அவள் நெஞ்சில் போய் நின்றது.

விரலை வைத்துக் காத்திருந்தேன். அவன் "இப்ப" சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜைக்கு அந்தப்புறம் மல்லிகாவின் தலை தெரிந்தது, குனிந்திருந்தது.

நானும் அழுத்தவில்லை.

பிறகு, ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளி, ரகு சொன்னான்: "மல்லிகா. நகரு."

நகர்ந்தாள். இரட்டையைப் போட்டுவிட்டு, வாணம் இருக்கிற ஃபவுண்டரியைப் பார்த்து ஓடினாள், நல்ல வேகத்தில்.

"இப்ப."

அழுத்தினேன். சுவரில் பட்டது.

ர. 0.