நாகா இட்ட முட்டை

மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறு மதியமானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு டிராகன்மேல் ஏறிப் பறக்கிறார்கள். தப்பிப்பதா விழுவதா என்பதைப் பகடை சொல்கிறது. தேநீர் கொண்டுபோனபோது என்ன விளையாட்டு என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாது பாட்டி" என்றான் கதை நடத்துகிறவன். உடனே உன்னிடம் சொல்லிச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. நீ இல்லை என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

நாம் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மலாக்காவில் அந்தக் காஜா பேராங் தெரு வீட்டுக்கு நான் மூத்த மருமகளாக வந்து ஆறு வருடம் கழித்து நீ இளைய மருமகளாக வந்தாய். நீ வருவதற்கு முன்பே அந்த விளையாட்டு இருந்தது, அது என்னுடையதாக இருந்தது. பாம்பும் ஏணியும் விளையாடும் அட்டையைச் செல்லரித்துவிட்டது, பகடை மட்டும்தான் மிச்சம். "அட்டை போனா போகட்டும். நான் சொல்றேன், நீங்க பறங்க" என்றேன். பக்கத்து வீட்டுச் சீன வம்சத்து நியோன்யாப் பெண் பீ லானும், எதிர்ச்சந்தில் இருந்த மலாக்கா செட்டி வீட்டுப் பார்வதியும் பறந்தார்கள். பீ லான் வீட்டுப் பீங்கான் ஜாடியில் டிராகன் வரைந்திருந்ததே, மலாய்க்காரர்கள் நாகா என்பார்களே, அதன்மேல் ஏறி. பார்வதிக்குத் தமிழ் பேச வராது, தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் மலாய்தான், அதனால் கதை மலாயில் நடக்கும். மசாலா அரைக்கும்போதே அன்றைய கதையை மனத்துக்குள் கட்டிவிடுவேன். நீரிணை, அதில் தீவுகள், தீவுகளுக்குப் பின்னால் கடற்கொள்ளையர்களின் கப்பல்கள். கொஞ்சம் நிறுத்தினால் போதும், "லெப்பாஸ் து?" என்று இருவரும் மேசைமேல் சாய்ந்து கேட்பார்கள். அப்புறம், அப்புறம் என்று யாராவது என்னைக் கேட்ட இடம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

நீ வந்த முதல் நாளே கேட்டாய்: "நாகான்னா புத்துக்குள்ள இருக்குமே, அதாக்கா?"

"இல்ல. இதுக்குக் காலு இருக்கு, மீசை இருக்கு. பறக்கும்."

"மீசையா? என்னோடது பொம்பள நாகா. பரவால்ல, மீசையும் இருக்கட்டும்."

அதையே நீ மலாயிலும் சொல்ல, பீ லானும் பார்வதியும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு அந்த எரிச்சல். உன் நாகாவுக்கு டுரியான் பழ வாசனை பட்டால் போதும், போர் நடுவிலேயே இறங்கிவிடும். மழை வந்தால் தலைக்கு முக்காடு கேட்கும். நான் எத்தனை கப்பல் அனுப்பினாலும் அவர்கள் கப்பலைப் பார்க்கவில்லை, உன் வாயைப் பார்த்தார்கள். பீ லான் எனக்கென்று எடுத்துவரும் குவே பலகாரம் முதலில் உன் தட்டுக்குப் போக ஆரம்பித்தது. வானமும் கடலும் நான் உண்டாக்கியவை. அதில் நேற்று வந்த நீ ராணியாகிவிட்டாய்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். ஊரெல்லாம் கொடி. நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், திடலுக்குப் போயிருந்தார்கள், நாம் நால்வரும் அடுப்படி மேசையில். அன்று உனக்கென்றே பெரும்புயல் ஒன்றை வைத்திருந்தேன். கீழே கொள்ளையர்கள், மேலே இடி, நடுவில் நீ தனியாக. பகடையை உன் பக்கம் தள்ளினேன். நீ தொடவில்லை.

"அக்கா, இது இனிமே பறக்காதுக்கா."

"ஏன்?"

"முட்டை போட்டிருக்கு."

மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய். பார்வதிக்குத்தான் முதலில் விளங்கியது. "பெத்துல்கா?" நிஜமா என்று கேட்டு உன் வயிற்றைத் தொட்டாள். பீ லான் உன்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தீர்கள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் என் மடி காலியாக இருப்பது அந்தச் சந்தில் யாருக்குத் தெரியாது?

ஆனால் கதை நடத்துகிறவள் நான். அடுத்து என்ன என்று நான்தான் சொல்லவேண்டும். முட்டை பொரியுமா என்று பார்ப்பதற்காகப் பார்வதி பகடையை எடுத்து நீட்டினாள். நீ கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாய். "அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா" என்றாய். என் வயிறு எரிந்த எரிச்சலை எப்படி எழுதுவது? பார்வதியின் கையிலிருந்து பகடையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"இதுக்குப் பகடை வேணாம். முட்டை நல்லா இருக்கு. புயல் வேற பக்கம் போயிருச்சு."

நீ அழுதாய். நான் தண்ணீர் இறைக்கிறேன் என்று கிணற்றடிக்குப் போய், வாளியை உள்ளே விட்டு, இழுக்காமலே நின்றேன்.

அதோடு விளையாட்டு நின்றுபோயிற்று. உனக்கு மசக்கை, பிறகு பிரசவம், பிறகு நீங்கள் உஜோங் பாசிருக்குத் தனிக்குடித்தனம் போனீர்கள். எனக்குக் கடைசிவரை பிறக்கவில்லை. உன் மகன் 'பெரியம்மா' என்று ஓடிவந்து என் மடியில் உட்காருவான். தூக்கம் வந்தால் உன்னைத் தேடிப் போய்விடுவான். அவனைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் உன்மேல் கோபம் கோபமாக வரும்.

உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில் அவன்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "எங்கம்மா மாதிரி நாகா கதை சொல்ல ஆளே இல்ல பெரியம்மா. அந்தத் தீவு, கொள்ளைக்காரங்க கப்பல்... என் பிள்ளைங்களுக்குக்கூட அம்மாதான் சொல்லுவாங்க." தீவு என்னுடையது. கப்பல் என்னுடையது. நீ கண்மூடிப் படுத்திருக்கும்போதும் எனக்கு எரிந்தது.

"ஆனா அந்தப் புயலுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் சொன்னதே இல்ல. கேட்டா, அது எங்கக்காவோடது, நான் தொடமாட்டேன்னுருவாங்க."

நினைத்த மாத்திரத்தில் எதையும் கட்டிவிடக்கூடியவள் நீ. அந்த இடத்தை மட்டும் எனக்காகக் காலியாக வைத்திருந்திருக்கிறாய்.

ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப்போட்டுச் சொன்னேன். முட்டை பொரிந்தது. குஞ்சுக்கும் மீசை. தாயின் முதுகில் நின்று அது முதன்முதலாகத் தும்மியபோது வந்த நெருப்பில் கொள்ளையர்களின் பாய்மரமெல்லாம் கருகி, அவர்கள் துடுப்பு போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படியே அம்மா சொல்ற மாதிரியே இருக்கு பெரியம்மா."

பார்த்தாயா? இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். என் வீட்டுக்காரர் போனார், பீ லான் போனாள், பார்வதியும் போனாள். அவர்களை நினைத்தால் இப்போது வெறும் அமைதிதான் வருகிறது. உன்னை நினைத்தால் மட்டும் இன்னும் சண்டைக்குப் போகத் தோன்றுகிறது.