படம் பார்க்காமல் கையெழுத்து இல்லை

1961 மார்ச் 6, திங்கள்

காலையில் சிறுநீர் செக்கச்செவேலென்று. வலி துளியும் இல்லை. நேற்றைய பீட்ரூட் கறிதான் காரணம் என்று பாகீரதியிடம் சொன்னேன். "நானும்தானே சாப்ட்டேன்? எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்து வக்கீலாகிவிட்டாள். நாளைக்கே ஆஸ்பத்திரியாம்.

மார்ச் 14

ஊசியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. "கேன்சர்தான்னு நினைக்கிறேன்" என்றார் சர்ஜன் ஹெர்பர்ட், சுற்றி வளைக்காமல். எனக்கு வயது நாற்பத்தாறு. பயமா? பயம்தான். வேறென்ன எழுத.

மார்ச் 16

ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு ஹெர்பர்ட் தாளை நீட்டினார். நான் பதினெட்டு வருஷமாக பெங்களூர் ஃபாக்டரி ஒன்றின் டிராயிங் ஆபீஸில் இருப்பவன். படம் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. படம் கேட்டேன். மனிதர் போட்டது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பென்சிலை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல நானே வரைந்தேன்.

"கட்டியை மட்டும் வெட்டி எடுத்தா போறாதா?" என்று சுற்றிக் கோடு போட்டுக் காட்டினேன்.

"உங்க பென்சிலுக்கு ஓரம் தெரியுது சார். என் கத்திக்குத் தெரியாது. துளி விட்டாலும் திரும்ப வளரும். முழுசா எடுத்துடலாம்."

"மிச்சம் ஒண்ணை வச்சுண்டு?"

"இடது பக்கம் ஜோரா வேலை செய்யுது. ஒண்ணு போதும்."

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். படத்தின் கீழேயும் ஆபீஸ் வழக்கப்படி: வரைந்தவர் ஸ்ரீகண்டன். பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று எழுதி ஹெர்பர்ட்டிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே அவரும் போட்டார்.

மார்ச் 21

நாளைக்கு. டேய் ஸ்ரீகண்டா, கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே என்னடா யோசனை—

ஏப்ரல் 1

தையல் பிரித்தாயிற்று. கட்டி உடையாமல் முழுசாக வந்ததாம். பெரிய ரத்தக்குழாயில் பரவவில்லையாம். உள்ளே போகும் வழிக்காக ஒரு விலா எலும்பையும் எடுத்திருக்கிறார்கள்.

"படத்துல எலும்பே இல்லையே டாக்டர்!"

"வரைய மறந்தது நீங்க சார்."

சிரித்தால் இடுப்பில் சுள்ளென்கிறது. சிரித்தேன்.

செப்டம்பர் 25

ஆறு மாதச் சோதனை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இடது சிறுநீரகம் இரண்டு பேர் வேலையை முணுமுணுக்காமல் செய்கிறது.

வெளியே வந்ததும், "ஏன்னா, எங்கேயாவது செத்த உட்காரலாமா?" என்றாள் பாகீரதி. கப்பன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாளும் ஒரு சொட்டு விடாதவள். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னை முறைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, "ஏன் சார், ஜகளவா?" என்று அதட்டினார். கன்னடத்தில் சண்டையா என்று கேட்கிறார்.

"இல்லப்பா, சந்தோஷ" என்றேன் நானும் கன்னடத்திலேயே.

அவர் நம்பவில்லை. நாங்கள் எழுந்து போகிறவரை மரத்தடியிலேயே நின்றார்.