தட்டு மாற்றும் பேச்சு

சேரப்பணஞ்சேரி,
வியாழன் இரவு.

அன்பு மதிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி, அங்கே உனக்கு விடியப்போகிறது. அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படுத்தார். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் சுகத்துக்கு வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் யாராவது வாங்கிப் பேசிவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ பயிற்சிக்குப் போன செண்டாயில் பூமி ஆடியது என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்து இங்கே ஒரு கல்யாணமே கூட்டப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா அத்தை வந்து உட்கார்ந்து, "இன்னா சௌந்தர்யா, ஆடுற ஊர்ல பொண்ண வுட்டுட்டு எப்டி தூங்கற? வரச்சொல்லு, என் புள்ள ஹேமந்துக்கே தட்டு மாத்திக்கலாம்" என்றார். ஹேமந்த் நல்ல பிள்ளைதான், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் லைன் லீடராகிவிட்டான், தன் அம்மா சொன்னால் தட்டவும் மாட்டான். அதற்காக நிலநடுக்கத்தைக் காட்டியா பெண் கேட்பது. கல்லூரியில் புவியியல் படித்தவளாயிற்றே, எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை அண்ணி, பெரிய பெரிய தட்டுகளாகக் கிடக்கிறது, கிழக்கே இருக்கும் கடல் தட்டு ஜப்பானைத் தாங்கும் தட்டுக்கு அடியில் போகிறது, அது வளைந்து இறங்குகிற இடம்தான் ஆழ்கடல் அகழி, இரண்டும் சிக்கி நின்று திடீரென்று விடுபட்டால் ஆடும் என்று விளக்கினேன். அத்தை விடுவாரா. "அங்க ஒரு தட்டு அடியில பூடுது, இங்க நான் வெத்தல பாக்கோட தட்டு எடுத்துகினு வரேன்றேன், எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்றார். அப்பாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடியில போற தட்டு என் பொண்ணு இல்ல அண்ணி" என்றேன். அப்படிப் போகிற தட்டும் சும்மா போவதில்லை, கடல்நீரையும் தனக்குள் வைத்துக் கீழே கொண்டுபோகிறது, அந்த நீர் பட்டு மேலே இருக்கும் சூடான பாறை உருகித்தான் எரிமலையாகக் கிளம்புகிறது என்றும் சொல்லிவைத்தேன். அத்தை காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நம் ஊர் ஆடாத ஊராம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது சுமத்ரா பக்கம் அகழியோரம் விடுபட்ட தட்டுதானே நம் கடற்கரைக்குச் சுனாமியை அனுப்பியது. நாம் நிற்கிற இந்தத் தட்டும் வடக்கே நகர்ந்து இமயமலையை நெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடாத இடம் பார்த்துத்தான் பெண்ணை வைப்பதென்றால் எங்கே வைப்பது. பயப்படுகிறவள் நான், அதை உன் தலையில் கட்ட மாட்டேன். நீ அலமாரியைச் சுவரோடு இறுக்கிவிடு, கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பும் டார்ச்சும் வை, இருட்டில் கண்ணாடித் துண்டை மிதிக்காதே. கடலோரம் இருக்கும்போது பலமாக ஆடினால் எச்சரிக்கைச் சங்கு ஊதட்டும் என்று நிற்காமல் மேட்டைப் பார்த்து ஓடு.

வரும் ஞாயிறு அத்தை பதில் கேட்டு வருகிறார். "மதி வாயால சொல்லட்டும்கா, அப்பால பேசிக்கலாம்" என்று அப்பா வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினார். உனக்காக நானே முடியாது என்று சொல்லிவிடலாம், சொல்ல மாட்டேன். ஹேமந்தைப் பிடித்திருந்தால் அதைச் சொல், பயிற்சியை முடித்து அங்கேயே வேலை பார்க்கப் பிடித்திருந்தால் அதைச் சொல், எதுவானாலும் இந்த வீட்டில் நான் உன் பக்கம் நிற்பேன். பயந்து மட்டும் வராதே, என் பயத்துக்காகவும் வராதே.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு கண்ணு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கு முன்னால் அப்பா பெயருக்கே எழுது, அத்தையிடம் அவரே சொல்லட்டும், சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
சௌந்தர்யா