துறைமுகத்தில் படிக்கப்படாத பெயர்

மாரிசன் துறை,
தெற்கு ஆஸ்திரேலியா.
5 செப்டம்பர் 1994

மதிப்பிற்குரிய திருமதி ஹஸ்ரா பீபி அவர்களுக்கு,

வணக்கம். தங்களுடைய மகன் ஷம்ஷீர் அலி பணியாற்றிய ‘எலினோர்’ என்னும் இறால் படகின் தலைவன் ஈவன் என் மகன். சென்ற ஏப்ரலில் அப்படகிலிருந்து தங்கள் மகன் கடலில் காணாமற்போன செய்தி அரசு அலுவலகம் வழியாகத் தங்களுக்கு வந்திருக்கும். அப்போதே எழுத முனைந்தேன்; தகுந்த சொற்கள் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு மீன் தொழிற்சாலைக்குச் சென்றவள் நான். எனக்குத் தெரிந்த சொற்கள் யாவும் நானே தேடிச் சேர்த்தவை. ஆதலால் குறைவான ஒன்றைத் தங்களுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

இப்போது நற்செய்தி ஒன்றுடன் எழுதுகிறேன். ஆண்டுதோறும் இறால் பருவம் தொடங்குமுன் எங்கள் ஊரின் மூன்று திருச்சபைகளும் ஒன்றுகூடிப் படகுகளை ஆசீர்வதிப்பது வழக்கம். அன்று கடலில் மாண்டவர்களின் பெயர்கள் துறைமுக மேடையில் படிக்கப்படும். ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒருமுறை ஒலிக்கும். இதுவரை கிறிஸ்தவப் பெயர்கள் மட்டுமே படிக்கப்பட்டன. இவ்வாண்டு தங்கள் மகனின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று, கூட்டுக் குழுவின் செயலாளர் என்ற முறையில், நான் வாதாடி வென்றேன். அடிலெய்டிலிருந்து இமாம் ஒருவரும் வருகிறார்.

எளிதில் வெல்லவில்லை. லூத்தரன் சபையின் பாஸ்டர் ஹெல்முட் தயங்கினார். “ஏம்மா லோர்னா, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார். “கௌரவிப்பதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா?” என்றேன். கத்தோலிக்கரான ஃபாதர் டெஸ்மண்ட் சிரித்துவிட்டார். “விடுங்க பாஸ்டர். போன வருஷம் நீங்க தண்ணி தெளிச்ச படகுதான் மொதல்ல தரை தட்டுச்சு. இமாமும் வரட்டுமே, ஒருத்தரோடதாவது பலிக்கும்” என்றார். தீர்மானம் நிறைவேறியது.

விழா அக்டோபர் முப்பதாம் நாள், ஞாயிறு. தாங்கள் மறுமொழி எழுதச் சிரமப்பட வேண்டாம். தங்கள் இசைவு உண்டென்றே கொள்கிறோம்.

தங்கள் துயரில் பங்குகொள்ளும்,
லோர்னா மெக்ரிட்

*

பா, ஃபிஜி.
24 செப்டம்பர் 1994

லோர்னா சகோதரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு ஆசிரியை படித்துச் சொன்னாள். சில சொற்களுக்கு அவளே அகராதி எடுத்தாள். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது.

ஆனால் என் மகன் பெயரைப் படிக்க வேண்டாம்.

அரசாங்கத்திலிருந்து வந்த தாளில் காணவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் காணாமற்போன என்றுதான் இருக்கிறது. அதே கடிதத்தில் கீழே, மாண்டவர்கள் பெயரோடு அவனைச் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டில் எது, சகோதரி? நடுவில் என்ன நடந்தது என்பதை எழுத மறந்துவிட்டீர்களா?

எங்கள் மௌலவி இரண்டு தடவை வந்தார். இறந்தவருக்கு ஓத வேண்டியதை ஓதிவிடலாமே என்றார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஷம்ஷீரின் மோட்டார் சைக்கிளை என் தம்பி கேட்டான். “அவன் வரட்டும், அவன்கிட்டயே கேளு” என்று சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். பரவாயில்லை. இங்கே ஒருவரும் மணி அடிக்கவில்லை. நீங்களும் அடிக்காதீர்கள்.

ஹஸ்ரா பீபி

*

மாரிசன் துறை.
6 அக்டோபர் 1994

அன்புள்ள திருமதி ஹஸ்ரா பீபி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். விழாக் கையேடு தங்கள் மகனின் பெயரோடு அச்சாகிவிட்டது என்பதைத் தலைகுனிந்து தெரிவிக்கிறேன். ஆயினும் எனது சங்கடம் அச்சைப் பற்றியதன்று.

ஈவன் ஏப்ரலிலிருந்து படகில் கால் வைக்கவில்லை. காலையில் காரில் துறைமுகம் வரை செல்கிறான். இறங்காமல், எலினோரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பருவம் நெருங்குகிறது. வேறு ஆள் படகை எடுத்துச் செல்லட்டும் என்கிறான். அவனை இழந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். இதைக் குழுவில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பெயரைப் படிக்கும் யோசனையே அவனுடையதுதான். தங்கள் மறுப்பைச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டான். “படிங்கம்மா. ஊரு முன்னாடி யாராவது ஒருத்தர் அவன் போயிட்டான்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றான். “அவருடைய தாய் வேண்டாமென்கிறார்” என்றேன். “நானும் ஆறு மாசமா வேண்டாம்னுதான் சொல்றேன், கடல் கேக்குதா?” என்றான்.

இருவருக்கும் நியாயம் செய்யும் வழி தெரியாமல் தவிக்கிறேன். எப்படியாவது இசைவு தெரிவிக்குமாறு இறைஞ்சுகிறேன். தந்தி அடித்தாலும் போதும்.

தங்கள்,
லோர்னா மெக்ரிட்

*

பா.
17 அக்டோபர் 1994

லோர்னா சகோதரிக்கு,

உங்கள் மகன் தூங்குவதற்காக என் மகன் சாக வேண்டுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று ஆசிரியை இந்த வரியை அடிக்கப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். பிள்ளையை நினைத்து நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மைக்கில் ஒருவர் படித்தால் நம்பிவிட மாட்டேன். பார்த்தவர் யாராவது இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அவன் பெயரை விட்டுவிடுங்கள்.

ஹஸ்ரா

*

மாரிசன் துறை.
1 நவம்பர் 1994

அன்புள்ள ஹஸ்ரா,

நான் படிக்கவில்லை.

விழா ஞாயிறன்று நடந்தது. கடல் அமைதியாக இருந்தது. இமாமுக்காக இம்முறை ஆட்டிறைச்சி சாசேஜ் மட்டுமே சுட்டோம். ஃபாதர் டெஸ்மண்ட் அவரிடம், “இந்த ஊர்ல எங்க மூணு சபையும் சண்டை போடாம ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் உங்களுக்காகச் சுட்ட சாசேஜ்தான்” என்று வேடிக்கை செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தேன். தங்கள் மகனின் பெயர் கடைசியில் இருந்தது. அதற்கு முந்தைய பெயரோடு நிறுத்தினேன். எல்லோர் கையிலும் கையேடு இருந்ததால் எல்லோரும் காத்திருந்தார்கள். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் என்னையே பார்த்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஈவன், “அம்மா, இன்னும் ஒரு பேரு இருக்கு!” என்று கத்தினான். நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். முப்பதாண்டுகளில் அவன் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

வீடு திரும்பியதும் உங்கள் இரு கடிதங்களையும் அவன் முன் வைத்தேன். படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பிறகு, “என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு யாருமே சொல்லலையா?” என்றான். அரசு சொல்லியிருக்கும் என்று நான் நினைத்ததாகச் சொன்னேன். உண்மை அதுவன்று. அதை எழுதக் கண்ணியமான சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஆகவே எழுதாமலே விட்டேன்.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டின் நாடி நகருக்கு விமானம் ஏறப் போய்விட்டான். “அங்கே போய் என்ன சொல்வாய்?” என்றேன். “பார்த்ததைச் சொல்லுவேன்” என்றான்.

எனக்கு அச்சமாக இருக்கிறது, ஹஸ்ரா. அவனை நீங்கள் எப்படி ஏற்பீர்களோ, திரும்பி வரும்போது எப்படி வருவானோ தெரியவில்லை. கதவைச் சாத்திவிடாதீர்கள். வேறு எதுவும் கேட்கும் உரிமை எனக்கில்லை.

லோர்னா

*

பா.
8 நவம்பர் 1994

லோர்னா,

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் மகன் வந்துவிட்டார். பேருந்து நிலையத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பாதி ஊர் கூடவே நடந்து வந்தது. வாசலில் நின்று, “நான் ஈவன்ம்மா. அவன் விழுந்தப்ப நான்தான் இருந்தேன்” என்றார். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு உள்ளே உட்காரவைத்தேன்.

இரவில் வலை சிக்கிக்கொண்டது, ஷம்ஷீர் விடுவிக்கப் போனான், அலை அடித்தது என்றார். மிதவையை வீசினாராம். தானும் குதித்தாராம், மற்றவர்கள் கயிற்றில் இழுத்து ஏற்றினார்களாம். படகின் தேடுவிளக்கைத் திருப்பி அவனை இரண்டு தடவை பார்த்தாராம். பிறகு விளக்கு போன இடமெல்லாம் தண்ணீர்தானாம்.

“அவன் முகம் தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுதும்மா.”

“பயந்திருந்தானா?”

“பயந்திருந்தான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்” என்றார்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதனால்தான் மற்றது எல்லாவற்றையும் நம்பினேன். அதற்குப் பிறகு நான் அழுதேன். அவரும் அழுதார். என்னைவிடச் சத்தமாக அழுததால் ஆசிரியை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஷம்ஷீருக்காக துஆ ஓதி வேண்டிக்கொண்டார்கள். மௌலவியிடம் நானே போய்க் கேட்டேன். ஈவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெளி வராந்தாவில் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னார்கள். இங்கேயே இருக்கிறேன் என்றுவிட்டார்.

அடுத்த வருடம் உங்கள் விழாவில் அவன் பெயரைப் படியுங்கள். மணியும் அடிக்கட்டும்.

உங்கள் மகன் முதல் இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. இப்போது ரொட்டி சாப்பிடுகிறார். நேற்று மத்தியானம் பாயில் படுத்தவர் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. நான் எழுப்பவில்லை. வியாழக்கிழமை நாடிக்கு நானே கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிடுகிறேன்.

அவர் வந்து சேர்ந்ததும் உடனே ஒரு தந்தி அடியுங்கள். அது வரும்வரை எனக்கு மனசு நிலைகொள்ளாது.

ஹஸ்ரா