மஞ்சள் எழுத்துப் படங்கள்

நவம்பர் 18, செவ்வாய்

போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் அதே கேள்வி. "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்?" பதினொரு பேர் பதினொரு பெயரைச் சொல்லிவிட்டார்கள். எதை எடுக்கப் போகிறாய் என்று ஒருவனாவது கேட்டானா? மண்டபத்தில் கல்யாணம் எடுப்பவனுக்குத் தேவை ஒன்று, வயலில் கொக்கு எடுப்பவனுக்குத் தேவை வேறு. பாடி மூன்று வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பதினைந்து வருஷம் சோறு போடும். இதை இருபத்திரண்டு வருஷமாக மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மத்தியானம் ஃபாஜில் வந்தார். ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், கழுத்தில் ஒரு வருஷ வீட்டு வாடகையைக் கேமராவாகத் தொங்கவிட்டிருந்தார். "சாமிதுரை அண்ணே, எடுக்குற படமெல்லாம் மங்கலா வருது. எனக்கு டூப்ளிகேட்டைக் குடுத்துட்டானா?" வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்குள்ளே, சாயங்கால வெளிச்சத்தில், ஷட்டர் எட்டில் ஒரு செகண்ட். கை ஆடாமல் என்ன செய்யும்? ஷட்டரை நூற்றிருபத்தைந்துக்குக் கீழே இறக்காதீர்கள், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளுங்கள், படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிய படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது என்றேன். தலையாட்டினார். வாசல் தாண்டுவதற்குள் கேமராவை ஆட்டோ மோடுக்குத் திருப்பியிருப்பார்.

நவம்பர் 20, வியாழன்

விடாத மழை. ஒருவர் நனைந்த கேமராவை அரிசி டப்பாவுக்குள் புதைத்தே கொண்டுவந்தார். லென்ஸ் மாட்டும் வளையம் முழுக்கத் தவிடு. நெல் விளைகிற ஊர் என்றால் எல்லா நோய்க்கும் அரிசிதான் மருந்தா? பேட்டரியைக் கழற்று, கார்டை எடு, சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி வை. இவ்வளவுதான் விஷயம். கேட்கத்தான் ஆளில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது என்று அழுதபடி ஒருவன் போன். மகளின் முதல் ஐந்து வருஷமும் அதில்தான் இருக்கிறதாம். இன்னொரு பிரதி? "வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன் சார்." அது படத்தைப் பிழிந்து சக்கையை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பது இவர்களுக்கு எந்த ஜென்மத்தில் புரியும்? மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறுவேறு டிஸ்க்கில், மூன்றாவது வேறு வீட்டில். என்னுடைய மூன்றாவது பிரதி தங்கை ஜெயபாரதி வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர் வரும், குத்தகைக்குச் செய்கிறாள். வடிகால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்து, நட்டு ஒரு மாதமான சம்பா முழுகிவிட்டது. "அண்ணே, நிவாரணத்துக்குப் படம் வைக்கணுமாம். நீ வந்து எடுத்துக் குடு. இது வரலன்னா அடுத்த வருஷம் குத்தகையை என்னால புடிக்க முடியாது, வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க." நான் இருக்கும்போது உனக்கென்ன பயம் என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முப்பத்தைந்து நிமிஷம் போய்விட்டது. வயலில் பயிர் தெரியவில்லை, தண்ணீர்தான். வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு இறங்கி டிரைபாடை ஊன்றினேன். பாரதி தலையில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு, மழைத் தூறலுக்கு வரப்பு மேல் நின்று கேமராவுக்குக் குடை பிடித்தாள்.

அந்த ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லியாகத் அலி வாய்க்கால் கரையோடு வந்தார். கையில் ஒரு விரிசல் விழுந்த போன். ஊர்க்காரர்களுடைய வயலையெல்லாம் அவர்தான் எடுத்துக்கொடுக்கிறாராம். அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். கோணல் மாணலாக ஒரு தண்ணீர், அதன் மேல் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் என்று கொட்டை மஞ்சள் எழுத்து. படத்தில் பாதியை எழுத்தே தின்றுவிடும். "அண்ணே, தங்கச்சி வயலையும் ஒண்ணு போட்டுக்குறேன்" என்றார்.

"பாய், இது ஜெராக்ஸ் இல்ல. எங்க வயலுக்கு நான் இருக்கேன், நீங்க கெளம்புங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

விவசாயியும் படத்தில் இருக்க வேண்டும் என்று வி.ஏ.ஓ. சொன்னதாக பாரதி சொன்னாள். அந்தத் துண்டோடு நடுவில் வந்து நிற்கப் பார்த்தாள். அப்படி ஒரு சாம்பல் வெளிச்சத்தில் மஞ்சள் துண்டா? கரையேறு என்று விரட்டினேன். அபர்ச்சர் பதினொன்று, ஐ.எஸ்.ஓ. நூறு, கறுப்பு ஃபில்டர் போட்டு நான்கு செகண்ட். தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. இந்த ஜில்லாவில் இன்னொருவனால் இது முடியாது.

நவம்பர் 25, செவ்வாய்

நாள் முழுக்க ஒரே படத்தோடு உட்கார்ந்திருந்தேன். இடது ஓரத்தில் எண் எழுதிய மின்கம்பம் ஒன்று, அசிங்கம். எடுத்துவிட்டேன். வரப்பில் சுண்ணாம்பு அடித்த சர்வே கல், அதுவும் போயிற்று. மிதந்த வைக்கோல், பிளாஸ்டிக் பை, எல்லாம் துடைத்தாயிற்று. பன்னிரண்டுக்குப் பதினெட்டு, மேட் பேப்பரில் பிரிண்ட். ஆபீஸில் இதைச் சட்டம் போட்டு மாட்டினாலும் மாட்டுவார்கள்.

நவம்பர் 28, வெள்ளி

பாரதி விண்ணப்பத்தோடு படத்தையும் கொடுத்துவிட்டாளாம். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. கூடப் பிறந்தவர்களுக்குக் கலை எங்கே தெரிகிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுத்துவிட்டார்கள்.

பாரதி போனில் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "'இது ஏரியாம்மா, காலண்டருக்கு எடுத்ததா'ன்னு கேட்டாங்கண்ணே. கல்லு எங்க, கரண்டு போஸ்ட் மரம் எங்க, நீங்க எங்கன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

வயலைக் காட்டிவிடு, அழுகிய பயிரைப் பார்க்கட்டும் என்றேன்.

"முந்தாநாளே உழுதுட்டேனே. வேற எடத்துல நாத்து கெடச்சுது, திருப்பி நட்டுட்டேன். படந்தான் இருக்கே, அண்ணந்தானே எடுத்துச்சுன்னு..."

போனை வைத்துவிட்டாள்.

ரசனை இல்லாத ஆபீஸ். காலண்டராம்! நாளைக்கே போய் எடிட் செய்யாத மூலப்படத்தைக் காட்டுகிறேன். கம்பம், கல், வைக்கோல் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது. மூன்று பிரதி வைத்திருப்பவனிடம் விளையாடுகிறார்கள்.

டிசம்பர் 3, புதன்

வி.ஏ.ஓ. அறிவுமதி என்கிற பெண். முப்பது வயதிருக்கும். கத்துவதற்குத் தயாராகப் போனேன், அந்தம்மா நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டார்.

"சார், படம் ரொம்ப அழகா இருக்கு. அதாங்க பிரச்சனையே. சேதம் எங்க இருக்கு இதுல?"

லேப்டாப்பைத் திறந்து மூலப்படத்தைக் காட்டினேன். கம்பத்து எண்ணைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். தலையாட்டினார். எனக்கு மார்பு விரிந்தது. "எடுத்த தேதி எதுல சார் பாக்குறது?" என்றார். அதற்கென்ன என்று கோப்பின் விவரத்தைத் திறந்தேன்.

ஜனவரி 1, 2018.

கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. என்னுடையதில் அது செத்து ஒரு வருஷம் ஆகிறது. பெரிய பேட்டரியை மாற்றுகிற போதெல்லாம் திரையில் தேதி கேட்கும். நான் ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு என்ன தேதி என்று எனக்குத் தெரியாதா என்ன! இரண்டு கேமரா எடுத்துப்போனால் முதலில் கடிகாரத்தைச் சரிபார் என்று குழுவில் நான் எத்தனை பேரை நாயாகத் திட்டியிருக்கிறேன்?

"இது எந்த வருஷத்துத் தண்ணின்னு நான் எழுதறதுங்க சார்?" கேலி இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தேவலை. எட்டாம் தேதிக்குள் வேறு படம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வாராம். பிறகு நேரில் ஒருமுறை வந்து பார்ப்பாராம்.

வேறு படத்துக்கு நான் எங்கே போவேன்? பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் மூன்று பிரதி கொடுப்பேன், மூன்றிலும் அதே ஜனவரி ஒன்றுதான் இருக்கும். முட்டாள். தேதி வைக்க எவ்வளவு நேரமடா ஆகும் உனக்கு? அரை நிமிஷம். அந்த வாய்க்கால் கரையில் படம் இல்லாத வயல் ஒன்றே ஒன்றுதான், அது மன்னார்குடியின் பெரிய போட்டோகிராபருடைய தங்கச்சி வயல். தேவைதான் எனக்கு.

டிசம்பர் 4, வியாழன்

காலையிலேயே லியாகத் அலி கடைக்குப் போய்விட்டேன். மற்ற வயல்களை எடுத்தபோது எங்கள் வயல் ஓரத்திலாவது விழுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கடை வாசலில் நின்று செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். கடைசியில் அவரே, "வாங்கண்ணே, டீ சொல்லவா?" என்று கூப்பிட்டார். சொன்னேன், எல்லாவற்றையும்.

"அட, தங்கச்சி வயலை எடுத்தேனே! நீங்க வேணாங்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு தட்டு தட்டிட்டேன்."

எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஆனா அழிச்சிட்டேண்ணே. நடுவுல நீங்க குனிஞ்சிக்கிட்டு நின்னீங்க. படம் கெட்டுப்போச்சேன்னு..."

என்னால் கெட்டுப்போன படம். இந்த வயதில் இதையும் கேட்டாயிற்று.

படங்கள் போனுக்குள் இருந்தனவா, மெமரி கார்டிலா? கார்டில் என்றார். அதன்பிறகு அதில் எதையாவது எடுத்தீர்களா? கொஞ்சம் எடுத்தாராம், மச்சான் மகள் நிச்சயதார்த்தம். இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள் பாய் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அழிப்பது என்றால் கார்டு உடனே துடைத்துப் போடுவதில்லை, இந்த இடம் காலி என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். புதுப் படம் அதன் மேல் ஏறி உட்காரும்வரை பழையது அடியில் கிடக்கும். கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மழையில் நனையாமல் இருக்க அதன் மேல் கையை வைத்தபடியே பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மீட்பு மென்பொருள் நேற்று மாலையிலிருந்து ஓடி, இன்று காலை பத்து மணிக்கு முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். நிச்சயதார்த்த பிரியாணி அண்டாக்களாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் படம் பாதிக்கு மேல் சாம்பல் பட்டை, போயிற்று. இரண்டாவது முழுசாக இருந்தது.

என்ன ஒரு படம். அடிவானம் வடக்கே சரிகிறது. லென்ஸில் மழைச் சொட்டு. நட்ட நடுவில், சுருட்டிய வேட்டியும் முதுகும் பின்புறமுமாக ஒரு ஆள் டிரைபாடுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான், எதையோ தொலைத்தவன் போல. பக்கத்து வரப்பில் பாரதி, தலையில் மஞ்சள் துண்டு, கையில் குடை. பின்னால் கம்பம், எண் தெரிகிறது. அவள் காலடியில் சர்வே கல். சுற்றி வைக்கோல் மிதக்கிறது. தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்கும் நான்கைந்து பயிர் நுனிகள்கூடத் தெரிகின்றன. கீழே கொட்டை மஞ்சளில் நவம்பர் 24, காலை 9.52, இடம்.

நான் விரட்டியது, அழித்தது, மறந்தது, எல்லாம் அதில் இருந்தது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய படம். எனக்கு அழுகைதான் வந்தது.

டிசம்பர் 6, சனி

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. அந்தப் படத்தை எடிட்டிங்கில் திறந்தேன். அடிவானத்தை மட்டும் நிமிர்த்தலாம் என்றுதான். அப்புறம் ஓரத்தை வெட்டினால் அந்தப் பின்புறம் போய்விடுமே என்று தோன்றியது. ஆளை எடுப்பது எனக்குப் பத்து நிமிஷ வேலை, எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. இவ்வளவு பட்டும் புத்தி எங்கே போகிறது பார்.

சேமிக்காமல் மூடினேன். மூன்று பிரதி போட்டேன். பிரிண்ட் என்னுடைய மெஷினில் போடவில்லை. லியாகத் கடையிலேயே போட்டுக்கொண்டேன், அவருடைய சாதா பேப்பரில். கவரில் போட்டுக்கொடுத்தவர், "உங்க முகம் தெரியலண்ணே, கவலப்படாதீங்க" என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

கொடுத்தாயிற்று. பாரதியும் வந்திருந்தாள். படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

வி.ஏ.ஓ. நேரில் பார்க்க வந்தார். நான் போக வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் போனேன், கேமரா இல்லாமல். புது நாற்று பச்சை பிடித்திருந்தது. அந்தம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தையும் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேர் வரப்பில் நின்றார்கள். படம் கைமாறி வந்தது. ஒருவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இது யாரு, நடுவுல குனிஞ்சிக்கிட்டு?" என்று அறிவுமதி பாரதியிடம் கேட்டார்.

இருபத்திரண்டு வருஷம் ஊரையே இளக்காரமாகப் பார்த்தவனுக்கு, அந்த நேரத்தில் பார்க்கத் தரையைத் தவிர வேறு இடம் இல்லை. பாரதி சொல்லட்டும் என்று நின்றேன். என்ன சொன்னாலும் அவளுக்கு உரிமை இருக்கிறது.

"எங்க அண்ணங்க" என்றாள். "தண்ணி எம்புட்டு நிக்குதுன்னு ஆளு நின்னாத்தானே தெரியும்? அதான் எறங்கி நின்னுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அறிவுமதி படத்தை இன்னொரு தரம் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து, பாரதியின் பெயருக்கு நேரே எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், படிக்க முடிந்தது. 'தொடையளவு நீர்.'